ஃபஹ்மி எழுதிய கடிதங்கள்

துபாய் மாநாட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, ராகிப் பே மாடியிலிருந்து இறங்கி நேராக எங்கள் சட்டப் பிரிவுக்கு வந்தார். எங்கள் கம்பெனியில் முதலாளி படியிறங்கி வந்தால் யாருடைய வேலையோ போகப்போகிறது என்று அர்த்தம். நாங்கள் ஒன்பது வக்கீல்களும் எழுந்து நின்றோம்.

“உக்காருங்கப்பா, உக்காருங்க,” என்று கையமர்த்திவிட்டு, எங்கள் தலைவி ஷாஹிராவின் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். “ஷாஹிரா, அங்க மேடையில ஒருத்தன் சொன்னான். இருபது வக்கீல் பார்க்கிற வேலையை இப்ப ஒரே ஒரு செயற்கை நுண்ணறிவு பார்க்குதாம். அதுக்குச் சம்பளமும் வேணாம், லீவும் வேணாம், அத்தை செத்துட்டாங்கன்னு வருஷத்துக்கு மூணு தடவை போன் பண்ணாதாம். எனக்கு எதுக்கு ஒன்பது பேர்?”

மூன்று முறை அத்தையைச் சாகடித்தவன் நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஷாஹிரா காப்பியை ஒரு வாய் குடித்தாள். நாற்பத்தைந்து வயது. நீதிமன்றத்தில் எதிர்க்கட்சி வக்கீல் கத்தும்போதும் இப்படித்தான், காப்பி ஆறிவிடுமே என்ற கவலை மட்டும்தான் முகத்தில் தெரியும்.

“வாங்கிக் குடுங்க பே. வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? மாம்பழ சீசன் முடியட்டும். எத்தனை பேர் வேணும்னு நானே வந்து சொல்றேன். நானே வேணாம்னு தோணுச்சுன்னா அதையும் சொல்றேன்.”

‘பே’ என்று மரியாதையோடு நாங்கள் அழைக்கும் முதலாளிக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. அடுத்த மாதமே கருவி வந்தது. விவரம் புரிந்தவன் என்கிற பொருளில் அதற்கு ‘ஃபஹ்மி’ என்று பெயர் வைத்தோம். முதலில் கிண்டலாகத்தான் வைத்தோம். ஆனால் பையன் நிஜமாகவே விவரக்காரனாக இருந்தான்.

எங்கள் கம்பெனி பழங்களையும் காய்களையும் உறைய வைத்து ஏற்றுமதி செய்கிறது. ஸ்ட்ராபெர்ரி, கூனைப்பூ, வெண்டை, மாம்பழத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் விவசாயியோடு, லாரிக்காரரோடு, அட்டைப்பெட்டிக்காரரோடு, குளிர்கிடங்கோடு, கப்பல் கம்பெனியோடு ஒப்பந்தம் உண்டு. விற்பனைப் பிரிவினர் எங்கள் அறையை ‘கல்லறைத் தோட்டம்’ என்பார்கள். உள்ளே போன காகிதம் உயிரோடு வெளியே வராதாம். ஃபஹ்மி வந்தபின் அந்தப் பேச்சு நின்றது. இரண்டு வாரம் கிடந்த ஒப்பந்தம் இப்போது காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பிப் போனது. விற்பனைக்காரர்கள் எங்களைத் திட்டுவதை விட்டார்கள். கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் வருவதையே விட்டார்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

“உஸ்தாஸா, நம்மள யாரும் தேடவே மாட்டேங்கறாங்க,” என்றேன் ஷாஹிராவிடம். பெண் வக்கீலை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம்.

“நல்லதுதானே? நீ அவங்களைத் தேடிப் போ, முக்தார். பொறுக்கிப் பிரிக்கிற கூடத்துல போய் ஒரு வாரம் நில்லு. பன்னிரண்டு வருஷமா ஸ்ட்ராபெர்ரி ஒப்பந்தம் எழுதுறே. ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கியா?”

“முதுகுவலி உஸ்தாஸா.”

“அத்தை செத்ததுக்கு அப்புறம் வந்த வலியா?”

நான் போகவில்லை. யாருமே போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் வேலை இவ்வளவு சுலபமாக முடியும்போது வெயிலில் யார் போவார்கள்?

ஜூலையில் போர்ட் சயீத் துறைமுகத்தில் அது நடந்தது. எங்கள் ஸ்ட்ராபெர்ரி மொத்தமும் அங்கே ஹாஜி மஹ்ரூஸின் குளிர்கிடங்கில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மின்வெட்டு. மின்சாரம் திரும்பி வந்தபோது ஓர் அறையின் குளிர்விக்கும் எந்திரம் எரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் உள்ளே உறைந்த பழம் இல்லை. தரையெல்லாம் சிவப்புச் சாறு.

இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஹாஜியின் வக்கீலிடமிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்தது. மின்வெட்டு மனித சக்திக்கு மீறியது, எனவே கிடங்கு பொறுப்பல்ல என்றது. கையெழுத்து: தலாத் பே. பணக்காரப் பகுதியான கார்டன் சிட்டியில் நதியைப் பார்த்த மாடியில் அலுவலகம் வைத்திருப்பவர். ஷாஹிரா சட்டம் படித்து முடித்ததும் அவரிடம்தான் பத்து வருடம் வேலை பார்த்தாள்.

ஃபஹ்மியிடம் கடிதத்தைக் கொடுத்தோம். தேநீர் ஆறுவதற்குள் ஆறு பக்கப் பதில் தயார். உயர்நீதிமன்றத் தீர்ப்புகள், சட்டப் பிரிவுகள், எல்லாம் சரிபார்த்தது. ஷாஹிரா படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். அனுப்பினோம். நான் சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தலாத் பேயிடமிருந்து பதினொரு பக்கம் வந்திருந்தது.

“கிழவரும் ஒரு ஃபஹ்மி வாங்கிட்டார்!” என்றேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது திருவிழா. நாங்கள் இருபது பக்கம் போட்டால் அவர்கள் முப்பது. பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அறை முழுக்கக் கைத்தட்டல். ராகிப் பேகூட இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். “முன்னாடி இப்படி ஒரு லெட்டர் போட்டா கார்டன் சிட்டிக்காரங்க என் தோலை உரிச்சிருப்பாங்க. இப்ப ஓசி! அடிங்கப்பா, நல்லா அடிங்க!”

அதில்தான் விஷயம் இருந்தது. எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. முன்பெல்லாம் கோபத்துக்குச் செலவு இருந்தது. ஒரு கடிதம் எழுத ஒரு வக்கீலுக்கு நாள் முழுக்க வேண்டும்; எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். இப்போது ஆறுவதற்கு நேரமே இல்லை. வருகிற கடிதத்தை ஃபஹ்மி படித்து எங்களுக்கு ஒரு வரியில் சொல்வான்: ‘எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை.’ பிறகு அவனே பதிலும் எழுதுவான். பக்கம் கூடக்கூட, கையெழுத்துக்குக் கடைசித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஷாஹிராவிடம் போவோம். அவளும் ஒரே நேரத்தில் நாலு வேலையில் இருந்தாள். போட்டுக்கொடுத்தாள்.

ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு காலை அக்டோபர் பாலத்தில் தர்பூசணி லாரி கவிழ்ந்து, ஊரே அசையாமல் நின்றது. காரில் மாட்டிக்கொண்ட ஷாஹிரா, வேறு வேலை இல்லாததால் போனில் கடைசி இரண்டு கடிதங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டாள்.

அறைக்குள் அவள் வந்தபோதே செருப்புச் சத்தம் சரியில்லை.

“முக்தார், தலாத் பேயோட கடைசி லெட்டரை எடு. முப்பத்தொன்னாம் பக்கம். சத்தமா வாசி.”

வாசித்தேன். “...இத்தகைய சூழலில் எமது கட்சிக்காரர் வரும் பருவத்தில் தங்கள் சரக்கு எதையும் ஏற்க மாட்டார் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறோம்.”

“இதுக்கு நம்ம பதில்?”

தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு வரிதான். “‘தங்கள் நிலைப்பாட்டைக் குறித்துக்கொண்டோம்.’”

எங்களுக்குப் பழம் தரும் இஸ்மாயிலியாத் தோட்டங்களில் மாங்காய்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் இரண்டு வாரத்தில் பழம் வந்து குவியும். கால்வாய்க் கரையில் வேறு எந்தக் கிடங்கிலும் ஓர் அட்டைப்பெட்டிக்குக்கூட இடம் இல்லை.

“இப்ப நம்ம லெட்டர். இருபத்தாறாம் பக்கம்.”

“‘டீசலை மிச்சம் பிடிக்கும் கெட்ட நோக்கத்தோடு ஜெனரேட்டரை வேண்டுமென்றே தாமதமாக இயக்கிய தங்கள் கட்சிக்காரரின் நேர்மையற்ற செயல்...’”

“ஹாஜி மஹ்ரூஸைத் திருடன்னு சொல்லியிருக்கோம். யார் எழுதினது இதை?”

“ஃபஹ்மி,” என்றார்கள் இரண்டு பேர் ஒரே குரலில்.

“கீழ கையெழுத்து யாரோடது?” அவளே கடைசித் தாளைப் புரட்டினாள். “என்னோடது. அப்ப எழுதினவ நான்தான். ஃபஹ்மியை யாரும் இழுக்க வேணாம். நாம என்ன கேட்டோம்? ‘இன்னும் கடுமையா எழுது’ன்னு கேட்டோம். எழுதினான்.”

போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, தலாத் பேயை அழைத்தாள்.

“மல்லிகைப்பூ காலை, தலாத் பே!” என்று வணக்கம் சொன்னாள்.

“ரோஜாப்பூ காலை, ஷாஹிரா! என்ன, சரணடையக் கூப்பிட்டியா?”

“உங்க முப்பத்தொன்னாம் பக்கத்தைப் பத்திப் பேசலாம்னு கூப்பிட்டேன்.”

“ரொம்ப யோசிச்சு எழுதின பக்கம் அது.”

“என்ன எழுதியிருக்கீங்க அதுல?”

“ஏய், என்னையே குறுக்கு விசாரணை பண்றியா? உனக்குக் குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்ததே...”

“மாம்பழத்தை எடுக்க மாட்டோம்னு எழுதியிருக்கீங்க, பே. ஹாஜிக்கு வருஷ வருமானத்துல பாதி எங்க மாம்பழம்தான். அவருக்குத் தெரியுமா இது?”

தாள் புரட்டும் சத்தம் வந்தது. பின்னால் யாரோ ஒரு சின்ன வக்கீலை அவர் காதைத் திருகாத குறையாகத் திட்டுவது கேட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “நாளைக்கு போர்ட் சயீத் போறேன். நீயும் வர்றியா?” என்றார்.

“நான் இன்னிக்கே கார் சாவியை எடுத்துட்டேன். நாளைக்குன்னா நாளைக்கு.”

மறுநாள் காலை நானும் ஷாஹிராவும் கிளம்பினோம். வழியெல்லாம் நான் ராகிப் பேயின் முகத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். “உஸ்தாஸா, இது தெரிஞ்சா ஒன்பது பேரையும் சேர்த்தே அனுப்பிடுவார்.”

“தெரியும். நேத்தே நான் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“ரெண்டு நிமிஷம் கத்தினார். அப்புறம், ‘போய் என் மாம்பழத்தைக் காப்பாத்து’ன்னார். கத்துற ஆளு பரவாயில்லை, முக்தார். சிரிக்கிற முதலாளிகிட்டதான் பயப்படணும்.”

குளிர்கிடங்கின் வாசலிலேயே ஹாஜி மஹ்ரூஸ் நின்றிருந்தார். தோள் அகலம், கப்பல் தளத்தில் கூவிக் கூவித் தடித்த குரல். தலாத் பே எங்களுக்கு முன்பே வந்து, பட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க! திருடன் வீட்டுக்கு வாங்க!” என்றார் ஹாஜி. “என் மருமகன் படிச்சுச் சொன்னான். டீசல் திருடினேனாம்! முப்பது வருஷமா இந்தத் துறைமுகத்துல என் பேரைச் சொன்னா முன்பணம் கேக்க மாட்டாங்க. பத்துப் பாட்டில் டீசலுக்கு நான் மானத்தை விப்பேனா? எழுதிப்புட்டு மீன் திங்க வந்துட்டீங்க!”

நான் கோப்பைத் திறந்தேன். ‘நேர்மையற்ற’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வேறு அர்த்தம் உண்டு என்று ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம். ஷாஹிரா என் கையிலிருந்த கோப்பை மூடினாள்.

“ஹாஜி, அது தப்பு. கையெழுத்து நான் போட்டது. படிச்சுட்டுப் போட்டிருக்கணும், படிக்கலை. உங்க மானத்தைப் பத்தி அப்படி எழுத எங்ககிட்ட எந்த ஆதாரமும் கிடையாது. இங்கேயே, இவர் முன்னாடியே வாபஸ் வாங்கறேன். மன்னிச்சுக்குங்க.”

தலாத் பே கைக்குட்டையைப் பாதியில் நிறுத்தினார். அத்தனை பக்கங்களில் இரு தரப்பும் ஓர் இடத்தில்கூட ‘தப்பு’ என்று எழுதியதில்லை. எந்த வக்கீலும் எழுதமாட்டான். எங்களைப் பார்த்துப் படித்த கருவி மட்டும் எப்படி எழுதும்?

ஹாஜி வாசலை விட்டு விலகி வழிவிட்டார். “சரி... வெயில்ல நிக்காதீங்கம்மா. உள்ள வாங்க,” என்றார்.

உள்ளே உட்கார்ந்ததும் ஷாஹிரா தலாத் பேயைப் பார்த்தாள். கிழவர் தொண்டையைச் செருமினார். “ஹாஜி, எங்க லெட்டர்லயும் ஒரு வரி... மாம்பழத்தைப் பத்தி... கொஞ்சம் வேகமாப் போயிடுச்சு.”

“மாம்பழத்தைப் பத்தி என்ன?”

அவர் சொன்னார். ஹாஜி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “மாம்பழம் வேணாம்னு நான் எப்ப சொன்னேன் பே? கனவுல வந்து சொன்னேனா? மூணு அறையைக் கழுவி ஆறப்போட்டுக் காத்திட்டிருக்கேன்! எனக்கு வக்கீலா நீங்க, இல்ல எதிர்க் கிடங்குக்காரனுக்கா?”

தலாத் பேயின் காது சிவந்துபோனது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஷாஹிரா பேச்சைத் திருப்பினாள். “ஹாஜி, அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க. சட்டம் வேணாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க.”

“அப்பாடா! இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்கறீங்க.” அவர் மேஜையில் கையால் அறைகளை வரைந்து காட்டினார். “இந்த அறை எந்திரம் எரிஞ்சது. பக்கத்து அறை காலி, நல்லா ஓடிட்டிருக்கு. என் ஆளுங்க இருபது பேர் தயார். பெட்டிகளை அங்க மாத்தினா மூணு மணி நேர வேலை. உங்க அனுப்புகைப் பிரிவுக்கு போன் போட்டேன். ‘ஒப்பந்தப்படி எழுத்துல அனுமதி இல்லாம ஒரு பெட்டியைத் தொடக்கூடாது. வெள்ளி, சனி லீவு. சட்டப் பிரிவு ஞாயித்துக்கிழமைதான் வரும், அதுவரைக்கும் பொறுங்க’ன்னான் உங்க ஆளு. கண்ணு முன்னாடி கரைஞ்சு ஓடுது, நான் பார்த்துட்டு நிக்கறேன். போன தடவை அனுமதி இல்லாம மாத்தினதுக்கு நீங்க அபராதம் போட்டீங்களே!”

அந்த ஷரத்தை எங்கள் பிரிவுதான் எழுதியது. சரக்கு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று, மிகுந்த ஜாக்கிரதையோடு எழுதினோம். ஃபஹ்மி அதை ஒருபோதும் குறை சொல்லவில்லை. சொற்கள் சரியாகத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை கதவுக்கடியில் சாறு ஓடும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

“இதை ஏன் என்கிட்ட சொல்லலை?” என்றார் தலாத் பே, அடிபட்ட குரலில்.

“நீங்க எங்க கேட்டீங்க? உங்க ஆபீஸ்லேர்ந்து போன்ல கேள்வி வந்துச்சு. சரக்கு எவ்வளவு, மின்சாரம் எப்ப போச்சு, எப்ப வந்துச்சு. கேட்டதுக்குப் பதில் போட்டேன். ‘மனசுல என்ன இருக்கு ஹாஜி’ன்னு அதுல கேள்வி இல்லையே!”

ஷாஹிரா சிரித்துவிட்டாள். பிறகு ஹாஜியும். கடைசியில் தலாத் பேயும்.

அதற்குமேல் வேலை மளமளவென்று நடந்தது. எரிந்த எந்திரத்தைச் சரியாகப் பராமரிக்காதது ஹாஜியின் பொறுப்பு. மாற்ற விடாதது எங்கள் பொறுப்பு. இழப்பைச் சரிபாதியாக ஏற்பது என்று கைகொடுத்துக்கொண்டார்கள். ஆபத்து நேரத்தில் கிடங்குக்காரர் முதலில் சரக்கைக் காப்பாற்றலாம், பிறகு தகவல் சொல்லலாம் என்பது புது ஷரத்து.

“இதே வரி நம்ம மத்த ஒப்பந்தத்துல எங்கெங்க இருக்குன்னு ஃபஹ்மியைக் கேளு, முக்தார்,” என்றாள் ஷாஹிரா.

மடிக்கணினியைத் திறந்து கேட்டேன். ஹாஜி எங்களுக்காகச் சொல்லியிருந்த மீன் சுட்டு வருவதற்குள் பதில் வந்தது. தமியெட்டா, அலெக்ஸாண்டிரியா, எங்கெல்லாம் எங்களுக்குக் கிடங்கு உண்டோ அங்கெல்லாம் இருந்தது. கூடவே நான் நினைக்காத ஓர் இடம், குளிர்லாரி ஒப்பந்தங்கள். சாலையில் லாரி பழுதானாலும் அனுமதி இல்லாமல் வேறு லாரிக்கு மாற்ற முடியாது! எல்லாவற்றுக்கும் திருத்தம் எழுதச் சொன்னோம். இந்த முறை நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். பழைய நாளில் இது எங்கள் ஒன்பது பேருக்கும் ஒரு மாத வேலை.

தலாத் பே முள்ளை எடுத்துக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தார். “எங்க கருவி இதைவிட விலை ஜாஸ்தி, தெரியுமா?”

“தெரியுது பே. பக்கமும் ஜாஸ்தி,” என்றேன்.

“ஷாஹிரா, உன் ஆளுக்கு வாய் நீளம்.”

“உங்ககிட்ட வேலை கத்தவகிட்ட வேலை பார்க்கிறான். எப்படி இருப்பான்?”

ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி, மூவரும் படித்து, கையெழுத்திட்டார்கள். கிளம்பும்போது தலாத் பே ஷாஹிராவைத் தனியே நிறுத்தினார். நான் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றதால் காதில் விழுந்தது.

“ஒண்ணு சொல்லு. இத்தனை வருஷமா மணிக் கணக்குல கட்டணம் வாங்கினேன். இந்தக் கடிதமெல்லாம் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகலை. இன்னிக்கு மீன் சாப்பிட்டதுலதான் வேலையே முடிஞ்சிருக்கு. இதுக்கு ஹாஜிகிட்ட எப்படிக் கேப்பேன்?”

“மணியை விடுங்க பே. சண்டையை முடிச்சுக் குடுத்ததுக்குக் கேளுங்க. மனசார குடுப்பார்.”

“உன்னை நான் வேலையை விட்டுப் போக விட்டிருக்கக் கூடாது.”

“நீங்க எங்க விட்டீங்க? நான்ல போனேன்.”

மாம்பழ சீசன் நல்லபடியாக முடிந்தது. ஹாஜியின் மூன்று அறைகளும் நிரம்பின. செப்டம்பர் கடைசியில் ஷாஹிரா தானாகவே மாடியேறிப் போய் ராகிப் பேயின் அறைக்குள் நுழைந்தாள். என்னையும் கூட்டிப் போனாள்.

“எத்தனை பேர்?” என்றார் அவர், வேறு பேச்சில்லாமல்.

“ஒன்பது பேரும் வேணும். ஒன்பது மேஜை வேணாம். மூணு மேஜை போதும். மத்தவங்களைக் கிடங்குல, துறைமுகத்துல, தோட்டத்துல போடுங்க. எழுதறதுக்கு ஃபஹ்மி இருக்கான். எதை எழுதணும்னு தெரிஞ்சுட்டு வர ஆள் வேணும்.”

“போக மாட்டேன்னு சொல்றவங்க?”

“அவங்க போகட்டும்.”

இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி ஒரு வங்கியில் சேர்ந்தாள். இன்னொருவன் சகாஸிக் ஊரில் சொந்தமாக அலுவலகம் திறந்தான். உதவிக்கு ஆள் வைக்க வசதி இல்லை, ஒரு கருவி மட்டும் வைத்திருக்கிறான். வக்கீல் பக்கமே எட்டிப் பார்த்திராத சின்னக் கடைக்காரர்கள் இப்போது அவனிடம் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேள்வி. தலாத் பே தன் சின்ன வக்கீல்களுக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறாராம்: கட்சிக்காரரின் இடத்துக்கு நேரில் போகாமல் யாரும் கருவியைத் தொடக்கூடாது. கார்டன் சிட்டிப் பிள்ளைகள் மீன்வாடை அடிக்கும் சட்டையோடு திரும்புகிறார்களாம்.

எனக்கு இஸ்மாயிலியா கிடைத்தது. முதல் வாரம் முதுகு நிஜமாகவே வலித்தது. இப்போது பழக்கமாகிவிட்டது. எந்தத் தோட்டத்துக்காரர் வாய்ப்பேச்சுக்கு மதிப்பு கொடுப்பவர், எவரிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போன வாரம் ராகிப் பே தோட்டத்தைப் பார்க்க வந்தார். லாரிக்காரருக்கும் பழக்காரருக்கும் நடுவில், நசுங்கிய பெட்டிகளை எண்ணிக்கொண்டு, செருப்பெல்லாம் சேறாக நான் நின்றிருந்தேன்.

“என்ன முக்தார், வக்கீலுக்கு இங்க என்ன வேலை?”

“சண்டை முளைக்கிறது இங்கதான் பே. கிள்ளிட்டிருக்கேன்.”

“அத்தை எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. இந்த வருஷம் சாகறதுக்கு அவங்களுக்கு நேரம் கிடைக்கலை.”

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தபடி நகர்ந்தார். லாரிக்காரர் மறுபடி கத்த ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பி, “முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றேன்.